மூணு வேளை தூரம்

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "மொத்தப் பயணம் எவ்வளவு நேரம்?" என் வாய் தானாகப் பதில் சொன்னது: "பத்தரை மணி நேரம் டாக்டர். 8,020 கிலோமீட்டர்." தூரத்தை அவர் கேட்கவே இல்லை. நான் தனியார் சர்வேயர். புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இருபத்தைந்து வருஷமாக மனைகளை அளந்து கல் நட்டுக்கொண்டிருப்பவன். யாராவது நேரம் கேட்டால் தூரத்தையும் சேர்த்துச் சொல்வது தொழில் வியாதி. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அம்மா அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்தரை மணி நேரம்னா எத்தனை வேளைடா?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு.

அக்கா பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறாள். புதுச்சேரியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெருவுக்கு ஒரு 'பிரெஞ்சு நேஷனாலிட்டி' வீடு உள்ள ஊர் இது. அப்படி ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அப்பா போன பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன மார்கழியில்தான் அம்மா ஒரு வழியாகச் சரியென்றாள். எழுபத்தோரு வயது. முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. சர்க்கரை இருக்கிறது. காலை ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி, இரண்டும் சாப்பாட்டுக்கு முன். அதற்காகத்தான் டாக்டரிடம் போயிருந்தோம்.

பத்தரை எங்கிருந்து வந்தது

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் பயண நேரமும் சொல்லும் தளங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. சென்னை, பாரிஸ் என்று போட்டதும் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டி, எண்களைக் கொடுத்தது. எனக்குப் பிறர் அளந்த அளவை நம்பிப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கணக்குப் போட்டேன். சென்னை 13 பாகை வட அட்சம், 80 பாகை கிழக்குத் தீர்க்கம். பாரிஸ் 49 பாகை வடக்கு, இரண்டரைப் பாகை கிழக்கு. கோள முக்கோணவியல் சூத்திரத்தில் போட்டால் இரண்டுக்கும் இடையே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் 72 பாகையும் கொஞ்சமும் வருகிறது. முழு வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பாகைக்கு 111 கிலோமீட்டர் சொச்சம் என்று பெருக்கினால் 8,020. தளம் பொய் சொல்லவில்லை.

அந்த வளைகோடு அழகான விஷயம். தட்டையான படத்தில் வளைவாகத் தெரிகிறதே தவிர, உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் அப்படித்தான் படியும். கராச்சிப் பக்கமாகப் போய், ஈரானைக் குறுக்கே கடந்து, காஸ்பியன் கடலின் தென்கரையில் பாதி தூரத்தைத் தாண்டி, கருங்கடலின் மேல் ஏறி, ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. விமானங்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வானத்தில் இந்திய விமானங்களுக்கு இடமில்லை. வரப்புத் தகராறு வானத்திலும் உண்டு.

நேரத்தின் கதைதான் வேறு. 8,020-ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் பத்து. ஏற இறங்க அரை மணி. ஆக, பத்தரை. அவ்வளவுதான் சூட்சுமம். யாரும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பறந்து பார்த்துச் சொன்னதல்ல, தூரத்தையே வகுத்து நேரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிராகவும் வரும்போது துணையாகவும் இருக்கும், அதனால் போகவும் வரவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வித்தியாசப்படும் என்பதுகூட அந்தக் கணக்கில் கிடையாது. இது தெரிந்தும் டாக்டரிடம் பத்தரை என்று சொன்னவன் நான்தான்.

விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே தூரம் சொல்வதில் இன்னொரு வேடிக்கை, இரண்டு முனையிலும் யாருக்கும் வீடு இல்லை. அம்மா இருப்பது லாஸ்பேட்டையில், எங்கள் ஊர் விமான நிலையத்தின் ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தினமும் தலைக்கு மேலே பெங்களூர் விமானமோ ஹைதராபாத் விமானமோ விசிறியைச் சுழற்றிக்கொண்டு போகிறது. மாடியில் காயும் வடகத்தை மூட மறந்தால்கூட மறப்பாள், அந்தச் சத்தத்துக்கு அண்ணாந்து பார்க்க மறக்கமாட்டாள். ஆனால் அந்த ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பாரிஸ் போகிற பெரிய விமானம் அதில் இறங்கக்கூட முடியாது. ஆகவே விமான நிலையத்தின் பக்கத்து வீட்டிலிருந்து விமானம் ஏற, காரில் 150 கிலோமீட்டர் சென்னைக்குப் போக வேண்டும்.

டிக்கெட் விலை பார்த்து வளைகுடா வழியாகப் போட்டோம். அதிலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து வியந்தேன். துபாய் வழியாகச் சுற்றிப் போனால் மொத்தம் 8,170 கிலோமீட்டர் வருகிறது. நேர் வழியைவிட 150தான் அதிகம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிற அதே தூரம். தோஹா வழி என்றால் 8,250. பூமி உருண்டையாக இருப்பதன் சலுகை. ஆனால் இந்த 150 கிலோமீட்டர் கூடுதலுக்காகச் செலவாகிற நேரத்தை எந்தத் தளமும் சொல்வதில்லை.

கட்டுச்சோற்றுக் கணக்கு

டாக்டர் அறையில் அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில், "ஒன்றரை வேளை இருக்கும்." அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "ராத்திரி சாப்புட்டுக் கிளம்புறேன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அங்க போய்ச் சேர்ற அன்னிக்கு ராத்திரி ஒண்ணு. மூணு வேளை" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என்னை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னவை: ஊசி, மாத்திரை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் சாமான் அறைக் குளிரில் இன்சுலின் உறைந்துபோகலாம். கடிதம் தருகிறேன், சோதனையில் காட்டுங்கள். கிழக்கேயிருந்து மேற்கே போகும்போது பகல் நீளும், பனிக்காலத்தில் பிரான்ஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, வழியில் கடிகாரத்தை மாற்றாதீர்கள், நம்ம ஊர் நேரமே இருக்கட்டும். கடைசியாக, "சர்க்கரை கொஞ்சம் ஏறினாப் பரவாயில்லம்மா. இறங்கிடக் கூடாது. அதை மட்டும் பாத்துக்குங்க."

பழைய தமிழில் 'நாழிகை வழி' என்று ஒரு அளவு உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிஷத்தில், ஒரு ஆள் நடக்கிற தூரம். இன்றைய கணக்கில் ரெண்டு கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். அம்மா அதற்கும் முந்தைய அளவையில் இருந்தாள். வண்டி கட்டிப் போன காலத்தில் கேட்டிருப்பார்கள், எத்தனை வேளைக்குச் சோறு கட்டணும் என்று. அக்காவின் மாமனார் வீட்டில் ஒரு தாத்தா இருந்தார், பழைய சொல்தா. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கல்யாணத்தின்போது அவரிடம் பிரான்ஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கொழும்பு, ஜிபுத்தி, சூயஸ், போர்ட் செய்த், மார்செய் என்று விரலை மடக்கி ஊர் ஊராகச் சொன்னார். "மூணு வாரம் கடல் தண்ணி" என்றார். கிலோமீட்டர் அவர் வாயில் வரவில்லை. கப்பலுக்குப் போக, கரையிலிருந்து சலங்கு என்கிற படகில் அலை தாண்டிப் போன கதையைத்தான் ரொம்ப நேரம் சொன்னார். பிரயாணத்தின் பெரிய ஆபத்து அந்த முதல் அரை மைல்தான் என்பது அவர் கட்சி. அன்று எனக்கு அது வயசானவர் பேச்சாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு அட்டவணை தயாரித்தேன். வீட்டிலிருந்து ராத்திரி 9 மணிக்குக் கிளம்புவது, 12 மணிக்கு மீனம்பாக்கம், 4 மணிக்கு விமானம், காலை 8.15-க்கு வளைகுடா, 10 மணிக்கு அடுத்த விமானம், 5.15-க்கு பாரிஸ், 7.45-க்கு அக்கா வீடு. எல்லாம் இந்திய நேரம். கூட்டினால் ஏறக்குறைய 23 மணி நேரம் வந்தது. பத்தரை எங்கே, 23 எங்கே! அம்மாவிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அட்டவணையை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அதில் சிவப்பில் ஒரு வரி: 'காலை 8.30, இறங்கியதும் ஊசி. அரை மணிக்குள் சாப்பாடு.' இறங்கின இடத்தில் கடைகள் வரிசையாக இருக்கும், சக்கர நாற்காலி தள்ளுகிறவர் வாங்கிக் கொடுப்பார் என்பது என் ஏற்பாடு.

அம்மா அதை மடித்து வைத்துக்கொண்டு, மிளகாய்ப்பொடி தடவின இட்லி எட்டு, இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். பால், கறி சேர்ந்தது எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருந்ததால் நெய் மைசூர்பாகு வீட்டிலேயே நின்றது. மீனுக்குத் தடையில்லை என்பதால் கடலூர் துறைமுகத்துக் கருவாடு மட்டும் ஏழு உறைக்குள் போய்ப் பெட்டியில் உட்கார்ந்தது.

அசையாத பொம்மை

மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பரங்கிமலை இருட்டில் தெரிந்தது. சர்வேயர்களுக்கு அது ஒருவகைக் கோயில். 1802-இல் ஆங்கிலேய சர்வேயர் லாம்டன் அங்கேதான் இந்தியாவை அளக்கிற பெரும் பணிக்கான அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை, அளந்தார். ஏழரை மைல். நூறு அடிச் சங்கிலியை நானூறு தடவை நீட்டி மடக்கி அளக்க 57 நாள் ஆயிற்று. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்துதான் இந்தியாவின் தூரங்களெல்லாம் கணக்குக்கு வந்தன. ஏழரை மைலுக்கு 57 நாள் எடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றி யோசித்துக்கொண்டே ஈ.சி.ஆரில் வந்தேன். அவருக்குத் தூரம் என்பது காலிலும் தோளிலும் ஏறின ஒன்று.

காலை எட்டேகாலுக்கு விமானம் இறங்கிவிட்டதைக் கைபேசியில் பார்த்தேன். விமானங்களை நேரலையில் காட்டும் செயலி, மஞ்சள் பொம்மை நகர்ந்து போகும். பத்து மணிக்கு இரண்டாவது பொம்மை கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. பத்தரை, பதினொன்று. 'தாமதம்' என்று வந்தது. எவ்வளவு என்று இல்லை. அம்மாவின் கைபேசி அடித்தால் ஏதோ அரபியில் சொல்லிற்று. எட்டரைக்கு ஊசி போட்டிருப்பாள். அட்டவணைப்படி நடப்பவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு கிடைத்ததா? இல்லையென்றால் பதினொரு மணிக்கு என்ன ஆகியிருக்கும் என்று சர்க்கரை நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் தெரியும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். விமான நிறுவனத்துக்கு அடித்தேன். பாட்டுப் போட்டார்கள். மறுமுனையில் அக்கா அழ ஆரம்பித்திருந்தாள். 8,170 கிலோமீட்டரில் எந்த இடத்தில் அம்மா இருக்கிறாள் என்று எனக்கு மீட்டர் சுத்தமாகத் தெரியும். அது தவிர ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஒன்பது நொடி. "தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். நாற்காலியில உக்காந்துகினு இருக்கேன். வண்டி லேட்டாம். நீ போய்ச் சாப்புடு."

முதல்நாள் ராத்திரியிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. அந்தச் செய்தியை ஐந்தாறு தடவை கேட்டேன், பேச்சு குழறுகிறதா என்று. குழறவில்லை. பின்னணியில் ஒரு பெண் குரல், "இன்னும் பேசணுமாம்மா?" என்றது. திருவாரூர் பக்கத்துத் தமிழ்.

விமானம் இரண்டேகாலுக்குத்தான் கிளம்பியது. அக்கா வீட்டில் அம்மா காலை வைத்தபோது இங்கே நடுராத்திரி பன்னிரண்டு, அங்கே மாலை ஏழரை. லாஸ்பேட்டை வாசல்படியிலிருந்து அந்த வாசல்படிக்கு 27 மணி நேரம். கார், விமானம் எல்லாம் கூட்டி 8,340 கிலோமீட்டர் வைத்தால் மணிக்கு சுமார் 310. பிரான்ஸில் தரையில் ஓடும் அதிவேக ரயிலே 320-இல் போகிறது. வேளைக் கணக்குப்படி பார்த்தாலோ, காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் ராத்திரி ஒன்று. மூன்று. நாலேகால் மணி நேரத் தாமதத்தையும் விழுங்கிக்கொண்டு, அந்தக் கணக்கு அசையவில்லை.

நாற்காலி

முழுக்கதை ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அம்மா வீடியோவில் அடுப்படியிலிருந்து பேசினாள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள். விமானத்திலிருந்து இறக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர், ஒரு தூண் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "வெயிட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாற்காலியின் அடையாள அட்டையும் போர்டிங் அட்டையும் அவர் கையில். எழுந்து போனால் அவர் வந்து தேடுவாரோ என்று அம்மா எழுந்திருக்கவில்லை. கடைகள் எதிரே தெரிந்தனவாம். நடந்தால் முப்பது அடி. "அத விட எனக்கு பாரிசு கிட்டமா தெரிஞ்சுது" என்றாள்.

"அப்போ ஊசி?" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "எட்டரைக்குப் போட்டுட்டு எப்படி உக்காந்திருந்த?"

"எட்டரைக்கா? யார் போட்டது? ப்ளேன்ல ஆறு மணிக்கே அந்தப் பொண்ணு தட்டக் கொண்டாந்து வச்சிடுச்சு. அப்பவே போட்டுக்கினு சாப்புட்டேன்."

"அட்டவணைல எட்டரைன்னுதானே போட்டிருந்தேன்?"

"நீ போட்டிருந்தடா. சோறு தட்டுல விழாம ஊசி ஒடம்புல விழக்கூடாது. இருபது வருசமா போடுறேன், எனக்குத் தெரியாதா?"

என் அட்டவணையில் விமானத்துச் சாப்பாடு என்று ஒரு வரியே இல்லை. 23 மணி நேரத்தை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்தவன், விமானத்தில் சாப்பாடு போடுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். அவள் நான் எழுதியபடி நடந்திருந்தால், தட்டைத் தொடாமல் இறங்கி, எட்டரைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு, அந்தத் தூணடியில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள். அதற்கு மேல் யோசிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பதினொரு மணிக்கு இரண்டு இட்லி, பன்னிரண்டுக்கு இரண்டு இட்லி என்று தூணடியிலேயே சமாளித்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில், ஆறு வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்தத் திருவாரூர்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள், தன் கைபேசியைக் கொடுத்தாள். இவள் அவளுக்கு மிச்ச இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "எவ்வளவு தூரம்மா போறீங்க?" என்று அவள் கேட்டாளாம். "பொண்ணு வூடு வரைக்கும்" என்று அம்மா சொன்னாளாம்.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் சர்க்கரை பார்த்தபோது 268. கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். பரவாயில்லை என்றார். "உங்கம்மா சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டார். கணக்குக் கேட்ட டாக்டர் அவர். என் பத்தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விசாவில் தொண்ணூறு நாள். பங்குனி பிறந்த நேரத்தில் திரும்பினாள். இந்த முறை அக்கா பிடிவாதமாக நேர் விமானத்தில் ஏற்றிவிட்டாள். காற்று முதுகில் தள்ள, பத்து மணி நேரத்துக்குள் சென்னை. அந்தத் தளம் சொன்னதைவிடக் குறைவு. நடுராத்திரி தாண்டி இறங்கி, பெட்டி எடுத்து, வெளியே வந்து நாங்கள் ஈ.சி.ஆரைப் பிடித்தபோது விடியப் பார்த்தது. பின் சீட்டில் அம்மா மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் தூங்கிக்கொண்டே வந்தாள். மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தபோது எழுந்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டா?"

நாற்பது கிலோமீட்டர் என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

"டிபனுக்குப் போயிடலாம்மா."

கைப்பையைத் திறந்து இன்சுலின் பேனாவை வெளியே எடுத்தவள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.